கணித ஆசிரியர் பயிற்சி வகுப்பறையில் எதை மாற்றுகிறது என்பதை ஆராய்வது எப்படி?

நீங்கள் கேட்டது இது: “பணியிடைப் பயிற்சி கணிதம் கற்பித்தலை எப்படி மேம்படுத்துகிறது என்பதை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். 40 ஆசிரியர்கள். அதில் 20 பேருக்கு ஐந்து நாள் பயிற்சி. முன்தேர்வு, பின்தேர்வு, பயிற்சி பற்றிய வினாநிரல், அப்புறம் மாணவர்களின் மதிப்பெண் ஒப்பீடு. இது போதுமா?”

போதாது. உழைப்பு குறைவு என்று சொல்ல வரவில்லை. தலைப்பில் ‘எப்படி’ என்று இருக்கிறது, ஆனால் நீங்கள் வைத்திருக்கும் கருவிகளில் ஒன்றுகூட அந்த ‘எப்படி’யைப் பார்க்காது. பயிற்சி மண்டபத்திலிருந்து வெளியே வரும் ஆசிரியரைப் பார்க்கிறீர்கள். சில மாதம் கழித்து மாணவரின் விடைத்தாளைப் பார்க்கிறீர்கள். நடுவில் வகுப்பறைக் கதவு சாத்தியே இருக்கிறது. மதிப்பெண் கூடினாலும் காரணம் தெரியாது, கூடாவிட்டாலும் தெரியாது.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரு சங்கிலி உண்டு. லாரா டெசிமோன் 2009-இல் அதைத் தெளிவாக எழுதினார்: பயிற்சி, ஆசிரியரின் அறிவையும் கற்பித்தல் பற்றிய நம்பிக்கையையும் மாற்றும், அது அவர் வகுப்பில் செய்வதை மாற்றும், அது மாணவரின் கற்றலை மாற்றும். படிக்கும்போது ‘இதில் என்ன புதுசு’ என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த அதிர்ச்சிகள்தான் கடந்த இருபது ஆண்டு ஆராய்ச்சியின் உண்மையான கதை. உங்கள் ஆய்வு எங்கே நிற்க வேண்டும் என்பதும் அதிலிருந்துதான் தெரியும்.

முதலில் நம்பிக்கை தந்த காலம். 2001-இல் கேரட், டெசிமோன் முதலானோர் அமெரிக்காவில் 1,027 கணித, அறிவியல் ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பாடப்பொருளை மையமாகக் கொண்டது, ஆசிரியர் தாமே செய்து பார்ப்பது, பள்ளியில் நடக்கும் மற்றவற்றோடு பொருந்துவது, நீண்ட நாள் நடப்பது, ஒரே பள்ளியிலிருந்து பலர் சேர்ந்து வருவது ஆகிய தன்மைகள் உள்ள பயிற்சியில் தங்கள் அறிவும் கற்பித்தலும் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ‘சொன்னார்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

2007-இல் யூன் குழுவினர் 1,300-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தோண்டினார்கள். கடுமையான தர அளவுகோலில் தேறியவை 9. அந்த ஒன்பதில் சராசரியாக 49 மணி நேரப் பயிற்சி. நடு நிலையில் இருக்கும் ஒரு மாணவர், நூறு பேரின் தரவரிசையில் 21 இடம் (சதமான நிலை) மேலே போகும் அளவுக்குப் பலன். உடனே 49 மணி நேரம் ஒரு மந்திரம் ஆகிவிட்டது. எத்தனையோ ஆய்வேடுகளின் இரண்டாம் இயலில் இந்த எண் வருகிறது. அந்த ஒன்பதும் தொடக்கப் பள்ளி சார்ந்தவை, எல்லாமே கணிதமும் அல்ல என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. நீங்களாவது எழுதுங்கள்.

அடுத்து வந்தவைதான் அதிர்ச்சிகள். எனக்குப் பிடித்தவையும் இவைதான்.

‘நல்ல பயிற்சிக்கான’ அந்தத் தன்மைகளை எல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, கேரட்டின் குழுவே ஒரு பெரிய சோதனை நடத்தியது. 12 மாவட்டங்கள், 77 பள்ளிகள், ஏழாம் வகுப்பு; பின்னம், தசமம், விகிதம், சதவீதம். முதல் ஆண்டிலேயே சுமார் 68 மணி நேரம். முடிவு 2010-இல் வந்தது: மாணவர் எப்படி யோசிக்கிறார் என்று ஆசிரியர்கள் கேட்பது கூடியிருந்தது. ஆசிரியரின் அறிவுத் தேர்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மாணவர் மதிப்பெண்ணிலும் இல்லை. சில மாவட்டங்களில் இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தார்கள், அப்போதும் இல்லை.

சரி, பாடப்பொருள் அறிவுதான் குறை என்று நினைத்து அதற்கென்றே அடுத்த சோதனை. நான்காம் வகுப்பு, 94 பள்ளிகள், 93 மணி நேரம். அதில் 80 மணி நேரம் கோடை விடுமுறையில் கணிதம் மட்டுமே. 2016-இல் வந்த அறிக்கைப்படி ஆசிரியரின் அறிவு நன்றாகவே ஏறியது. வகுப்பில் கணிதத்தை விளக்கும் செறிவும் ஓரளவு ஏறியது. மாணவர் மதிப்பெண்? ஏறவில்லை.

சீனாவில் ஒரு மாகாணத்தில் தேசியப் பயிற்சித் திட்டத்தை லோயல்கா குழுவினர் 600 கணித ஆசிரியர்கள், 33,492 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள், 2019-இல் வெளியானது. ஓராண்டு கழித்தும் மாணவரிடம் மாற்றமில்லை. ஆசிரியரின் அறிவிலும் வகுப்பு நடைமுறையிலும்கூட இல்லை. பயிற்சி ஏட்டுப் பேச்சாகவும், உட்கார்ந்து கேட்பதாகவும் இருந்ததைக் காரணமாகக் காட்டினார்கள்.

இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் வகுப்பில் ஒரு பழக்கம் மாறியது, அறிவு மாறவில்லை. இரண்டாவதில் அறிவு மாறியது, மாணவரிடம் போய்ச் சேரவில்லை. மூன்றாவதில் முதல் கண்ணியே இணையவில்லை. மதிப்பெண்ணை மட்டும் அளந்திருந்தால் மூன்றும் ஒரே வரியில் முடிந்திருக்கும்: ‘பலனில்லை’. நடுக் கண்ணிகளை அளந்ததால்தான் மூன்றும் வெவ்வேறு விதமாகத் தோற்றவை என்று தெரிகிறது. ஒரு முனைவர் பட்ட ஆய்வால் 94 பள்ளிகளுக்குப் போக முடியாது. ஆனால் எந்தக் கண்ணி இணைந்தது, எது விட்டது என்பதைப் பெரிய ஆய்வுகளைவிட நெருங்கிப் பார்க்க முடியும். உங்கள் பலம் அங்கேதான்.

நெருங்கிப் பார்ப்பது என்றால் என்ன? பின்னக் கூட்டலில் ஒரு மாணவி பலகையில் 1/3 + 1/4 = 2/7 என்று எழுதுகிறாள். இது எல்லா ஊரிலும், எல்லா மொழியிலும் நடப்பது.

ஒரு ஆசிரியர்: “தப்பு. பகுதி வேற வேறயா இருந்தா என்ன பண்ணணும்?” வகுப்பே ஒரு குரலில்: “மீ.சி.ம. எடுக்கணும்!” மாணவி அழித்துவிட்டு 7/12 எழுதுகிறாள். இருபது விநாடி.

இன்னொருவர்: “எப்படி வந்துச்சு, சொல்லு.” “மேல இருக்கறத மேல கூட்டினேன், கீழ இருக்கறத கீழ கூட்டினேன்.” “சரி, யாராவது சரியான விடை சொல்லுங்க.” வேறொரு மாணவன் 7/12 என்கிறான். பாடம் நகர்கிறது.

மூன்றாமவர்: “எப்படி வந்துச்சு?” அதே பதில். “சரி. 2/7 பெரிசா, 1/3 பெரிசா?” மௌனம். “1/3-ஐ ஆறு துண்டுக் கணக்குல எழுதினா?” “2/6.” “இப்போ சொல்லு, 2/6 பெரிசா 2/7 பெரிசா?” “2/6… அப்போ 1/3-தான் பெரிசு.” “1/3-ஓட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். விடை 1/3-ஐவிடக் குறைஞ்சுடுச்சே?” இப்போது மாணவி பலகையைப் பார்க்கும் பார்வையே வேறு.

முதலாமவர் பயிற்சிக்குப் போகாதவர், மற்ற இருவரும் போனவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான உற்றுநோக்கல் படிவத்தில் ‘மாணவரின் சிந்தனையை வெளிக்கொணர்ந்தார்: ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் ஒரே டிக். ஆனால் இரண்டாமவர் வகுப்பில் பயிற்சியிலிருந்து வந்தது கேள்வி கேட்கும் வாடிக்கை மட்டும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வரவில்லை. 2010 முடிவுகளை நான் இப்படித்தான் படிக்கிறேன்: கேட்பது கூடியது, கேட்டதைப் பயன்படுத்துவது கூடியதா என்பதுதான் விஷயம். உங்கள் படிவத்தில் அந்த டிக்குக்குப் பதிலாக மூன்று படிகள் இருக்கட்டும்: தவறான விடையைத் திருத்தினாரா, காரணம் கேட்டாரா, கேட்ட காரணத்தின் மேல் அடுத்த கேள்வியைக் கட்டினாரா. இந்த ஒரு மாற்றமே உங்கள் ஆய்வைப் பாதி தூரம் கொண்டுபோகும்.

இது ஆசிரியர்மீது குறை சொல்லும் பேச்சு அல்ல. டேவிட் கோஹன் 1990-இல் கலிஃபோர்னியாவின் இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவரைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் இந்தத் துறையில் வாசிக்கப்படுகிறது. புதிய கணிதக் கொள்கையை மனதார ஏற்றவர் அவர். பயிற்சிக்குப் போனார், செய்முறைப் பொருட்களை வகுப்புக்குக் கொண்டுவந்தார், தன் கற்பித்தல் அடியோடு மாறிவிட்டது என்று உளமார நம்பினார். கோஹன் உள்ளே உட்கார்ந்து பார்த்தபோது, புதிய பொருட்களைப் பழைய முறையிலேயே பயன்படுத்திக்கொண்டிருந்தார். சரியான விடை வந்ததும் பேச்சு முடிந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் வினாநிரல் கொடுத்திருந்தால் எல்லாக் கட்டத்திலும் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று நேர்மையாகவே குறித்திருப்பார். வினாநிரலை மட்டும் நம்பும் ஆய்வுகளை நான் ஏன் சந்தேகத்தோடு படிக்கிறேன் என்பதற்கு இது போதும்.

வென்ற கதையும் ஒன்று சொல்ல வேண்டும். கார்பென்டர், ஃபென்னெமா குழுவினர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 40 முதல் வகுப்பு ஆசிரியர்களை எடுத்து, குலுக்கல் முறையில் 20 பேருக்கு நான்கு வாரக் கோடைப் பயிற்சி கொடுத்தார்கள், 1989-இல் வெளியானது. உங்கள் எண்ணிக்கைதான், கவனித்தீர்களா? அந்தப் பயிற்சியில் ‘இப்படிப் பாடம் நடத்துங்கள்’ என்று ஒரு முறையையும் திணிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் கூட்டல் கழித்தல் கணக்குகளைத் தாமாக எப்படி யோசிக்கிறார்கள் என்பதையே பேசினார்கள்.

உதாரணமாக: ‘13 கோலி இருந்தது, 5 கொடுத்துவிட்டான், மீதி எத்தனை?’, ‘5 கோலி இருக்கிறது, 13 ஆக இன்னும் எத்தனை வேண்டும்?’ நமக்கு இரண்டுமே 13 − 5. ஆறு வயதுப் பிள்ளைக்கு முதலாவது எடுத்துப் போடுவது, இரண்டாவது ஐந்திலிருந்து மேலே எண்ணுவது. இதைத் தெரிந்த ஆசிரியர் பிள்ளையின் விரல்களைப் பார்த்தே எங்கே சிக்கல் என்று சொல்லிவிடுவார்.

அந்த ஆய்வாளர்கள் வகுப்பில் பல வாரம் உட்கார்ந்து கவனித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டுப் பயிற்சிக்குக் குறைவான நேரமும் கணக்குகளைத் தீர்ப்பதற்கு அதிக நேரமும் கொடுத்தார்கள். பிள்ளைகள் விடை கண்ட வழியைக் கேட்டார்கள். சுவாரஸ்யம் என்னவென்றால், குறைவாக மனப்பாடம் செய்த அந்தப் பிள்ளைகள் அடிப்படைக் கூட்டல் கழித்தலை நினைவிலிருந்து சொல்வதிலும் முந்தினார்கள். சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் சேர்ந்து அளக்கப்பட்ட ஆய்வு என்பதால்தான் அது இத்தனை ஆண்டுகள் நிற்கிறது.

இனி ஆசிரியரின் அறிவை அளப்பது. ‘பாட அறிவுத் தேர்வு’ என்று பத்தாம் வகுப்புக் கணக்குகளைக் கொடுத்துவிடாதீர்கள். கற்பிக்கத் தேவைப்படும் கணித அறிவு வேறு வகை என்பது ஷுல்மன் 1986-இல் தொடங்கிய பேச்சு; டெபோரா போல், ஹெதர் ஹில் இருவரும் அதை அளக்கக்கூடிய கேள்விகளாக மாற்றினார்கள். 115 பள்ளிகளில் முதல், மூன்றாம் வகுப்புகளை வைத்து ஹில், ரோவன், போல் 2005-இல் காட்டியது: இந்த வகை அறிவு அதிகமுள்ள ஆசிரியரின் மாணவர்கள் ஓராண்டில் அதிகம் முன்னேறினார்கள்.

லிப்பிங் மா அமெரிக்க, சீன ஆசிரியர்களிடம் கேட்ட ஒரு கேள்வி இதற்கு நல்ல உரைகல்: 1¾ ÷ ½ எவ்வளவு, அதற்குப் பொருந்தும் ஒரு கதைக் கணக்குச் சொல்லுங்கள். விடை 3½, தலைகீழாக்கிப் பெருக்கினால் வந்துவிடும். கதைதான் வராது. ‘ஒன்றே முக்கால் ரொட்டியை இரண்டு பேர் பாதியாகப் பகிர்ந்தால்’ என்று பலர் தொடங்குவார்கள். அது இரண்டால் வகுப்பது, விடை 7/8. பாதியால் வகுப்பதும் பாதியாக்குவதும் பேச்சில் ஒன்றுபோல ஒலிக்கின்றன, கணிதத்தில் ஒன்றல்ல. ‘ஒன்றே முக்கால் மீட்டர் துணியில் அரை மீட்டர் துண்டுகள் எத்தனை?’ என்பதுதான் சரியான கதை. மா 1999-இல் வெளியிட்டபடி, அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானோரே கணக்கை முழுதாகச் சரியாகப் போட்டார்கள். சீன ஆசிரியர்கள் எல்லோரும் போட்டார்கள், பெரும்பாலோருக்குக் கதையும் வந்தது.

இந்த மாதிரிக் கேள்விகளை நீங்களே எழுதலாம். ஒரு மாணவன் 42 − 17-ஐ இப்படிப் போடுகிறான்: 2 − 7 = −5, 40 − 10 = 30, 30 − 5 = 25. ‘இந்த வழி எல்லா எண்களுக்கும் வேலை செய்யுமா? ஏன்?’ செய்யும். ஆனால் கடன் வாங்கிக் கழிப்பதை மட்டுமே அறிந்த ஆசிரியர் இதற்குச் சிவப்பு மையில் தப்புப் போட்டுவிடுவார். பத்துப் பன்னிரண்டு கேள்விகளைத் தயாரித்து, ஆய்வில் இல்லாத முப்பது நாற்பது ஆசிரியர்களிடம் முன்னோட்டம் பாருங்கள். எல்லோரும் சரியாகச் சொல்லும் கேள்வியும், ஒருவரும் சொல்லாத கேள்வியும் உங்களுக்கு உதவாது.

புள்ளியியல். இங்கேதான் நிறைய ஆய்வேடுகள் சறுக்குகின்றன, மதிப்பிடுபவர்களும் கண்டுகொள்வதில்லை. உங்களிடம் 40 வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர் என்றால் 1,200 மாணவர்கள். 600-க்கு 600 என்று டி-சோதனை (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது) போட்டால் முடிவு அநேகமாக ‘குறிப்பிடத்தக்கது’, அதாவது தற்செயல் அல்ல, என்று வந்துவிடும். அது பொய்யாக இருக்கலாம். ஒரே ஆசிரியரிடம் படிக்கும் 30 பேர் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்; 30 தனித்தனிச் சாட்சிகள் அல்ல. மொத்த வேறுபாட்டில் 20 சதவீதம் வகுப்புகளுக்கு இடையே உள்ளது என்று கொண்டால், தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற கணக்கு இப்படி: 1 + (30 − 1) × 0.2 = 6.8. ஆக 1,200-ஐ 6.8-ஆல் வகுங்கள். உண்மையில் உங்கள் கையில் இருப்பது சுமார் 176 பேருக்குச் சமமான தகவல்தான். எனவே மாணவர், வகுப்பு என்று அடுக்குகளைக் கணக்கில் கொள்ளும் பலநிலைப் பகுப்பாய்வு வேண்டும்.

அடுத்த கசப்பு. லிஞ்ச், ஹில் முதலானோர் 2019-இல் கணிதம், அறிவியல் சார்ந்த 95 ஆய்வுகளைத் தொகுத்தபோது மாணவரிடம் கண்ட சராசரிப் பலன் 0.21 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு). மேலே சொன்ன 20 சதவீதக் கணக்குப்படி, 20-க்கு 20 வகுப்புகளை வைத்து நம்பகமாகப் பிடிக்கக்கூடிய மிகச் சிறிய பலன் சுமார் 0.42. அதாவது உங்கள் வலையின் கண் மீனைவிட இரண்டு மடங்கு பெரிது. முன்தேர்வு மதிப்பெண்ணைப் பகுப்பாய்வில் சேர்த்து, அது வேறுபாட்டில் பாதியை விளக்கிவிட்டால் 0.30-க்கு இறங்கும், அப்போதும் பெரிதுதான். ஆகவே மாணவர் மதிப்பெண்ணை முதன்மை முடிவாக வைக்காதீர்கள். வகுப்பறை மாற்றத்தை முதன்மையாக வையுங்கள். அங்கே பலன் பெரிதாகவே தெரிய வாய்ப்பு உண்டு: ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டும் பயிற்சிகள் பற்றிய 60 ஆய்வுகளை கிராஃப்ட் குழுவினர் 2018-இல் தொகுத்தபோது கற்பித்தலில் பலன் 0.49, மாணவர் கற்றலில் 0.18. ஒரு கண்ணி தாண்டும்போதே விசை எவ்வளவு குறைகிறது பாருங்கள். ஆசிரியர் எண்ணிக்கை பெருகிய திட்டங்களில் அது மேலும் குறைந்தது.

பயிற்சியை எப்படி அமைப்பது? ஐந்து நாளையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். மூன்று நாள் முதலில். மீதி இரண்டு நாளை நான்கு அரை நாட்களாக உடைத்து, பாடம் நடக்கும் வாரங்களில் வையுங்கள். லிஞ்ச் தொகுப்பில் கூடுதல் பலன் காட்டியவை, வகுப்பில் பயன்படுத்தப்போகும் பாடப்பொருட்களோடு சேர்ந்து வந்த பயிற்சிகளும், நடத்திப் பார்த்துவிட்டு ‘இங்கே இடித்தது’ என்று பேச மீண்டும் கூடிய பயிற்சிகளும்தான். அந்த அரை நாளுக்கு ஒவ்வொருவரும் தம் மாணவர்களின் ஐந்து தவறான விடைகளைக் கொண்டுவரட்டும். தலைப்பையும் சுருக்குங்கள்: ‘கணிதம்’ வேண்டாம், பின்னங்கள் மட்டும், அதிலும் ஒப்பிடுதலும் கூட்டலும் போதும். ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக இருந்துவரும் பாட ஆய்வு முறையும் இப்படிச் சின்ன இடத்தில் ஆழமாகத் தோண்டுவதுதான்: சிலர் சேர்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் மாணவர்களைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். லூயிஸ், பெர்ரி இருவரும் 2017-இல் வெளியிட்ட குலுக்கல் முறைச் சோதனையில், பின்னங்கள் பற்றிய பாடப்பொருட்களோடு இந்த முறையைப் பின்பற்றிய குழுக்களின் மாணவர்கள் முன்னேறியிருந்தார்கள்.

‘நல்ல பயிற்சியின் ஐந்து தன்மைகள்’ என்ற பட்டியலை வைத்துக்கொண்டு மட்டும் வடிவமைக்காதீர்கள். மேரி கென்னடி 2016-இல் 28 ஆய்வுகளை அலசி, அதே தன்மைகள் கொண்ட பயிற்சி ஒரு இடத்தில் பலித்து இன்னொரு இடத்தில் பலிக்காமல் போவதைக் காட்டினார். அவர் கேட்கும் கேள்வி வேறு: மண்டபத்தில் புரிந்த ஒன்றை, முப்பது பிள்ளைகள் நடுவில், மணி அடிக்கப்போகும் நேரத்தில், ஆசிரியர் எப்படிச் செயலாக்குவார்? பயிற்சியில் தலையாட்டியவர் வகுப்பில் கைவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மனமின்மை அல்ல. போர்ஷன் முடிக்க வேண்டியிருக்கும். நான் ஒருமுறை உற்றுநோக்கப் போன வகுப்பில், மேலே சொன்ன மூன்றாமவர் போலவே அருமையாகத் தொடங்கிய ஆசிரியர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு “சரி, இதை அப்புறம் பார்க்கலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ அந்தப் பருவத்தில் வரவேயில்லை. அவரிடம் பிறகு பேசியதில் கிடைத்த தகவல், என் படிவங்கள் எல்லாவற்றையும்விடப் பெறுமானம் உள்ளது. எனவே 40 பேரில் ஆறு பேரையாவது தேர்ந்து, ஒவ்வொருவரின் பாடத்தையும் நான்கைந்து முறை பார்த்து, முடிந்ததும் பேசுங்கள். ஒரே ஒரு பாடத்தைப் பார்த்து யாரையும் மதிப்பிட முடியாது. அனுமதி கிடைத்தால் காணொளி எடுங்கள். இருவர் தனித்தனியாக மதிப்பிடட்டும். யார் பயிற்சி பெற்றவர் என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. நீங்களே பயிற்சி கொடுத்து, நீங்களே உற்றுநோக்கி, நீங்களே மதிப்பெண் போட்டால் நேர்மையான மனிதரின் கையும் சாயும்.

காணொளிக்கு வழியில்லை என்றால் மாணவர் நோட்டுகளைக் கேளுங்கள். ஆய்வாளர்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். மூன்று வாரத்து நோட்டில் ஆசிரியர் என்ன மாதிரிக் கணக்குக் கொடுத்தார், விளக்கம் எழுதச் சொன்னாரா, தவறைச் சுழித்ததோடு விட்டாரா என்பதெல்லாம் அப்படியே இருக்கும். செலவும் இல்லை, யாரும் உங்களுக்காக நடிக்கவும் முடியாது.

நம்பிக்கை பற்றிய அளவுகோலைப் பயிற்சியின் கடைசி நாள் மாலையில் கொடுக்காதீர்கள். அன்று எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். தாமஸ் கஸ்கி 1986-இலேயே ஒன்று சொன்னார்: ஆசிரியரின் நம்பிக்கை முதலில் மாறி அப்புறம் நடைமுறை மாறுவதில்லை, புதிதாக ஒன்றைச் செய்து பார்த்து, தம் மாணவர்களிடம் பலனைக் கண்ட பிறகே நம்பிக்கை மாறுகிறது. டெசிமோனின் சங்கிலியோடு இது கொஞ்சம் மோதுகிறது. மோதட்டும். பயிற்சிக்கு முன், பருவ நடுவில், பருவ இறுதியில் என்று மூன்று முறை அளந்தால், எது முன்னால் வந்தது என்பதை உங்கள் தரவே சொல்லும். சின்ன ஆய்வு ஒன்று இந்தத் துறைக்கு உண்மையாகவே ஏதாவது கொடுக்கக்கூடிய இடம் இது.

மாணவர் தேர்வையும் இரண்டு பகுதியாக வையுங்கள்: பயிற்சியில் பேசிய வகைக் கேள்விகள் சில, பேசாதவை சில. ஆய்வாளரே எழுதிய, பயிற்சியோடு ஒட்டிய தேர்வில் பலன் எப்போதும் பெரிதாகத் தெரியும். பொதுத் தேர்வில் கரைந்துவிடும். இரண்டையும் தனித்தனியாகக் காட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது.

பிரிக்கும்போது பள்ளி வாரியாகப் பிரியுங்கள். ஒரே பள்ளியில் ஒருவருக்குக் கொடுத்து அடுத்தவருக்குக் கொடுக்காவிட்டால், பயிற்சித் தாள்கள் மறுநாளே ஆசிரியர் அறையில் கைமாறிவிடும். கட்டுப்பாட்டுக் குழுவுக்கு (இப்போது பயிற்சி பெறாத 20 பேருக்கு) அடுத்த பருவத்தில் அதே பயிற்சியைத் தருவதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அவர்கள் கதவைத் திறப்பார்கள். பள்ளி வாரியாகப் பிரித்தால் புள்ளியியலில் இன்னோர் அடுக்கு கூடும், சிறிய பலனைப் பிடிக்கும் வலிமை மேலும் குறையும் என்பது உண்மை. கற்பித்தல் மாற்றத்தை முதன்மை முடிவாக வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

கருவி தயாரிப்பதற்கு முன் ஒரு வேலை. இந்த மாதம் பின்னம் நடக்கும் இரண்டு வகுப்புகளில், படிவம் எதுவும் இல்லாமல், ஒரு வெற்று நோட்டோடு பின் பெஞ்சில் உட்காருங்கள். தவறான விடை வரும் ஒவ்வொரு முறையும் மாணவர் சொன்னதையும், ஆசிரியர் அடுத்து வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியத்தையும் அப்படியே எழுதுங்கள். முப்பது ஜோடிகள் சேர்ந்ததும் வழிகாட்டியிடம் எடுத்துப் போங்கள். உற்றுநோக்கல் படிவத்தின் தலைப்புகளை அந்த முப்பதிலிருந்தே இரண்டு பேரும் சேர்ந்து எழுதிவிடலாம்.